உட்கார்ந்தபடியே ஓடிய குழந்தைகள்

குழந்தைகளின் மூளை வளர்ச்சி வரலாற்றை இனிமேல் யாராவது எழுதினால், இரண்டு பாகமாகத்தான் எழுத வேண்டியிருக்கும்: யாரம்பா பாலர் மையத்துக்கு முன், யாரம்பா பாலர் மையத்துக்குப் பின். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த மையத்தின் பெற்றோர் குழுத் தலைவர் என்ற முறையில், வேறு யாரும் சொல்ல முன்வராத காரணத்தால் சொல்கிறேன்.

என் பெயர் பெவன். தொழில், நீச்சல்குளங்களுக்கு வேலி போடுவது. வேலிக்காரனுக்கும் குழந்தைக் கல்விக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. எங்கே போகக் கூடாதோ அங்கேதான் பிள்ளைகள் போவார்கள். போகவிடாமல் தடுப்பதையே வயிற்றுப் பிழைப்பாகக் கொண்டவன் நான். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய தகுதி யாருக்கு இருக்கிறது? தவிர, ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் பதவிக்குப் பெயர் கேட்டபோது நான் வெளியே அடுப்பில் ஸாசேஜ் புரட்டிக்கொண்டிருந்தேன். வந்து மறுப்பதற்குள் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

எல்லாம் டாக்டர் டெஸ்மண்ட் வந்த அன்று தொடங்கியது. நகரத்திலிருந்து வந்த நிபுணர். ‘அசையும் உடல், மலரும் மூளை’ என்பது அவருடைய திட்டத்தின் பெயர். மாநிலம் முழுக்கப் பல மையங்கள் அதில் சேர்ந்திருந்தன. காலைத் தேநீருக்கு லாமிங்டன் கேக் வைத்து அவரைப் பேசச் சொன்னோம்.

குழந்தை ஓடும்போதும் குதிக்கும்போதும் மரமேறும்போதும் மூளைக்கு ரத்தம் நன்றாகப் பாய்கிறது, கவனம் கூடுகிறது, ஞாபகம் வலுக்கிறது, கணக்கும் மொழியும் தானாக வருகின்றன என்று அவர் விளக்கினார். மதியம் வரை விளக்கினார். எங்களுக்கெல்லாம் கால் மரத்துப்போயிற்று. நடுவில் ஓர் இடைஞ்சல்: வெளியே பிள்ளைகள் ஓடிப் பிடித்துக் கத்திய கத்தலில் டாக்டர் பேசுவது காதில் விழவில்லை. மையத்தின் இயக்குநர் ரொவீனா எழுந்து போய், எல்லாரையும் வாயை மூடி உட்காரச் சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் ஓட்டத்தின் நன்மைகளை எங்களால் முழுமையாகக் கேட்க முடிந்தது.

“அப்போ பிள்ளைங்க அசையணும்ங்கிறீங்க,” என்றார் ரொவீனா.

“கண்டிப்பா.”

“இப்பவே அசைஞ்சிக்கிட்டுதானே இருக்குதுங்க? வந்ததும் வெளிய ஓடுதுங்க. அந்தப் பெரிய மரத்துல ஏறுதுங்க, விழுதுங்க, மறுபடி ஏறுதுங்க. சோத்துக்குக் கூப்பிட்டாதான் உள்ளயே வருதுங்க.”

டாக்டர் டெஸ்மண்ட் பரிதாபத்தோடு சிரித்தார். “அது அசைவு இல்ல ரொவீனா. அது விளையாட்டு. அதுல திட்டம் இல்ல, இலக்கு இல்ல, அளவு இல்ல. அளக்காம விட்டா அது வளர்ச்சியா, வெறும் சந்தோஷமான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

நாங்கள் யாரும் அந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை. இத்தனை காலம் பிள்ளைகளை வெறும் சந்தோஷமாக விட்டுவைத்திருந்தோமே என்று குழுவினர் வெட்கப்பட்டார்கள். முறைப்படுத்தப்பட்ட அசைவு தொடங்கும் வரை, முறைப்படுத்தப்படாத அசைவு நிறுத்திவைக்கப்படுகிறது என்று அங்கேயே தீர்மானம் நிறைவேறியது.

முதலில் மரம். அதற்கு ‘இடர் மதிப்பீடு’ செய்தோம். மரம் உயரமாக இருப்பதும், கிளைகள் மேலே இருப்பதும், அங்கிருந்து விழுகிறவர்கள் கீழ்நோக்கியே விழுவதும் தெரியவந்தது. உடனே சுற்றி வேலி போட முடிவாயிற்று. வேலி போடும் ஒப்பந்தத்துக்கு வெளிப்படையான போட்டி நடத்தினோம். நான் ஒருவன்தான் கலந்துகொண்டேன், கடைசியில் வென்றேன்.

அடுத்தது தலை. எங்கள் நாட்டில் தொப்பி இல்லாத பிள்ளைக்கு விளையாட்டு இல்லை. வெயில் அப்படி. இதைச் சட்டம் என்று சொல்லிச் சிறுமைப்படுத்தக் கூடாது. பேச்சு வருமுன் பிள்ளைக்குத் தொப்பி வந்துவிடும். இதற்கிடையில் ‘முறைப்படுத்தப்பட்ட அசைவு’க்கு ஹெல்மெட் கட்டாயம் என்று நாங்களே ஒரு விதி போட்டிருந்தோம். அகல விளிம்புத் தொப்பிக்கு மேல் ஹெல்மெட் ஏறவில்லை. ஹெல்மெட்டுக்கு மேல் தொப்பி நிற்கவில்லை. ஹெல்மெட் மட்டும் போட்டால் வெயில் விதி மீறல், தொப்பி மட்டும் போட்டால் அசைவு விதி மீறல். உப குழு ஒன்று அமைத்தோம். ‘குழந்தைகளுக்குத் தலை ஒன்று மட்டுமே இருப்பது இத்திட்டத்தின் முக்கியத் தடை’ என்று அது அறிக்கை கொடுத்தது.

“நிழல்ல விடலாமே,” என்றார் ரொவீனா.

“நிழல்லயும் தொப்பி போடணும். நம்ம விதிதான்,” என்றேன்.

“வெயில் தாழ்ந்தப்புறம்?”

“அப்போ மையம் மூடியிருக்கும்.”

“ரெண்டு விதில ஒண்ண எடுத்துட்டா?”

ஒரு விதியை எடுப்பதா? இன்றைக்கு ஒன்றை எடுப்போம், நாளைக்கு மரத்தைத் திற என்பார்கள். ரொவீனா தன் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அசைவைக் கட்டடத்துக்குள் கொண்டுவருவதென்று முடிவெடுத்தோம்.

கட்டடத்துக்குள் ஓடக் கூடாது. ‘நடக்கும் கால்கள்’ என்பது உள்ளறையின் நெடுநாள் விதி. நடக்க இடம் இருக்கிறதா என்றால், பாய் விரித்திருந்ததால் இல்லை. இந்தச் சிக்கலில்தான் டாக்டர் டெஸ்மண்டின் மேதைமை வெளிப்பட்டது. ‘உட்கார்ந்தபடி ஓடுதல்’ என்ற முறையை அவர் எங்களுக்காகவே வகுத்துக் கொடுத்தார். திரையில் வாம்பட் என்ற குட்டைக்கால் விலங்கு ஒன்று காட்டுக்குள் ஓடும். பிள்ளைகள் பாயில் சப்பணமிட்டு, அதைப் பார்த்தபடி, மனத்தளவில் ஓட வேண்டும். யாரும் விழவில்லை. யாருக்கும் முட்டி தேயவில்லை. மையம் மருந்துக்கடைபோல அமைதியாக இருந்தது. பார்க்க வந்த பெற்றோர் மெய்மறந்து நின்றார்கள்.

அளக்க வேண்டுமல்லவா? ஒவ்வொரு பிள்ளையின் மணிக்கட்டிலும் பச்சை நிறத்தில் ஓர் அசைவுப் பட்டை கட்டினோம். யார் எவ்வளவு அசைகிறார்கள் என்று அது நேரே நகரத்துக்குச் செய்தி அனுப்பும். முதல் வாரச் செய்தியைப் பார்த்து டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“பெவன், உங்க பிள்ளைங்க தூங்குதுங்களா?”

“ஓடுதுங்க டாக்டர். உக்காந்து ஓடுதுங்க.”

“பட்டைக்கு அது புரியல போல.”

ஆனால் நல்ல காரியத்துக்கு வழி எப்படியாவது பிறந்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை பழத் தயிர் கொட்டி, பட்டைகள் எல்லாம் பிசுபிசுத்துப் போயின. ரொவீனா அவற்றைக் கழுவி, பின்கட்டில் இருந்த துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டினார். எல்லார் வீட்டுக் கொல்லையிலும் இருக்குமே, கம்பத்தின் உச்சியில் குடைக்கம்பிபோல் விரிந்து, காற்றில் தானாகச் சுற்றும் கொடி, அதுதான். அன்றைக்குத் தெற்குக் காற்று வெளுத்து வாங்கியது. திங்கட்கிழமை கணக்கு வந்தபோது, பாயில் உட்கார்ந்து ஆப்பிள் தின்ற எங்கள் பிள்ளைகள் மாநிலத்திலேயே அதிகமாக ஓடியிருந்தார்கள்.

ரொவீனா என்னைத் தனியே அழைத்தார். “இது தப்பில்லையா பெவன்?”

“பட்டை யாரோடது?”

“பிள்ளைங்களோடது.”

“அசைஞ்சது எது?”

“பட்டை.”

“அப்புறம் என்ன?”

கருவி பொய் சொல்லாது என்று டாக்டரும் உறுதிப்படுத்தினார். அன்றிலிருந்து தினமும் காலையில் பட்டைகளை வாங்கிக் கொடியில் மாட்டிவிடுவது வழக்கமாயிற்று. அதற்கு ‘வெளிப்புற அமர்வு’ என்று பெயர் வைத்தோம். பட்டைகளுக்குத் தொப்பி தேவையில்லை, ஹெல்மெட் தேவையில்லை, சன்ஸ்க்ரீன் பூச வேண்டியதில்லை. தள்ளிவிட்டான், கடித்துவிட்டாள் என்று புகாரும் வராது.

இத்தனை சிறப்புக்கும் ஒரு களங்கம் இருந்தது. அதன் பெயர் பிப்பா.

பிப்பாவின் அம்மா கெர்ரின், என்னோடு பள்ளியில் படித்தவள். நெடுஞ்சாலை வேலை நடக்கும் இடங்களில் வண்டிகளை நிறுத்த ‘நில்’ பலகை பிடிப்பவள். பிப்பாவுக்கு வரும் புத்தாண்டில் பள்ளிக்கூடம் போகும் வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் குரங்குபோல் தொங்கிப் போகும் கம்பிகள் இருக்கின்றன என்று யாரோ அவளிடம் சொல்லித் தொலைத்திருக்கிறார்கள். பெரிய பையொன்றை வாங்கச் சொல்லி, அதை எப்போதும் முதுகில் மாட்டிக்கொண்டே திரிந்தாள். சாப்பிடும்போதும் கழற்றுவதில்லை. ஆனால் ஊர்ப் பள்ளி, நாங்கள் ‘தயார்’ என்று எழுதிக் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்ளும். ‘தயாரில்லை’ என்றால் இன்னொரு வருடம் எங்கள் பாயில்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பாயில் அவளால் இருக்க முடியவில்லை. வாம்பட் ஓடினால் இவளும் எழுந்து ஓடினாள். எண்ணச் சொன்னால் குதித்துக் குதித்து எண்ணினாள். உட்காரச் சொன்னால் எண்ணிக்கை குழாயை மூடியதுபோல் நின்றுவிடும். பட்டையைக் கட்டினால் “கையக் கடிக்குது” என்று மணல் தொட்டியில் வீசினாள். அது ரொவீனாவின் மேசை இழுப்பறையில் பத்திரமாகக் கிடந்தது. ஆகவே அவளுடைய அசைவு, அரசுக் கணக்கின்படி, சுழியம்.

ஆண்டு இறுதிக் கணக்கெடுப்பு வாரம் வந்தது. அதிகம் அசையும் மையத்துக்கு மாநில விருது உண்டு, அதுவும் அந்த வாரத்துக் கணக்கை வைத்துத்தான். அந்த வாரம் பார்த்துக் காற்று நின்றுபோயிற்று. இலை அசையவில்லை. கொடி அசையவில்லை. டாக்டர் கூப்பிட்டார்.

“என்ன பெவன், பிள்ளைங்க எல்லாம் ஒரேயடியா நின்னுடுச்சுங்க?”

“காத்து இல்லைங்க.”

“காத்தா?”

“அதாவது, கொஞ்சம் உற்சாகம் இல்ல. புழுக்கம்.”

வியாழக்கிழமை, பாயில் உட்காராத குற்றத்துக்காகப் பிப்பாவைப் பின்கட்டு வராந்தாவில் ‘அமைதி மூலை’க்கு அனுப்பினார்கள். அங்கே அவள் கண்ணில் பட்டது கொடி. துணிக்கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி, தாவி, கம்பியைப் பிடித்துத் தொங்கிச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். நாங்களும் சின்ன வயதில் இப்படித் தொங்கி முதுகில் வாங்கியவர்கள்தான். ஆனால் அப்போது மூளை வளர்ச்சி பற்றி யாருக்கும் தெரியாது.

ரொவீனா வந்து பார்த்தபோது பிப்பா சுற்றிக்கொண்டிருந்தாள். பச்சைப் பட்டைகள் அவளோடு சேர்ந்து பறந்தன. முறைப்படி ரொவீனா முதலில் ஆதாரத்துக்காகப் படம் எடுத்தார். பிறகு அவளை இறக்கினார். “இன்னும் ஒரே ஒரு சுத்து” என்று அந்தப் பெண் கெஞ்சியதாகச் சம்பவ அறிக்கை கூறுகிறது.

அன்றைய கணக்கு எங்கள் வரலாற்றிலேயே உச்சம். பாயில் இருந்த அத்தனை பிள்ளைகளும் காற்றே இல்லாத நாளில் பறந்திருந்தார்கள். பிப்பா மட்டும் சுழியம்.

மறுநாள் ‘தயார்நிலைச் சோதனை’க்கு டாக்டர் டெஸ்மண்ட் நேரிலேயே வந்தார். கெர்ரின் வேலையிலிருந்து அப்படியே, ஆரஞ்சுச் சட்டையும் தூசியுமாக வந்து ஓரமாக நின்றாள். பிப்பாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பையை இறக்கிவைக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றாள். சரி, இருக்கட்டும் என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டோம்.

டாக்டர் ஒரு குளத்துப் படத்தைக் காட்டினார். “எத்தனை வாத்து இருக்கும்மா?”

பிப்பா காலை ஆட்டினாள்.

“காலை ஆட்டாம சொல்லணும்.”

காலை நிறுத்தினாள். வாயும் நின்றது. டாக்டர் காத்திருந்தார். அவள் காலைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். உதடு கோணியது. ஒரு சொல் வரவில்லை. அடுத்த கேள்விக்கும் இல்லை, அதற்கடுத்ததற்கும் இல்லை. ‘கவனக் குறைவு, மொழித் தயக்கம், எண்ணறிவு தென்படவில்லை’ என்று டாக்டர் குறித்துக்கொண்டார்.

கார் நிறுத்துமிடம் வரை நான் கூடவே போனேன். பொறுப்பில் இருப்பவனுக்கு இரக்கமும் வேண்டும். அங்கே கார்களுக்குத் தடையாகப் போட்டிருக்கும் கட்டைகளின் மேல் பிப்பா ஒவ்வொன்றாகத் தாவிப் போனாள். தாவியபடியே வாய் திறந்துவிட்டது.

“நாலு வாத்தும்மா. அந்த மாமா படத்துல நாலு.”

“மூணுதானேடி தெரிஞ்சுது?” என்றாள் கெர்ரின்.

“மூணு மேல இருக்கு. தண்ணியில ஒரு வட்டம் மட்டும் தனியா இருக்குல்ல, அங்க ஒண்ணு முங்கியிருக்கு. மீன் புடிக்கப் போயிருக்கு. வந்துடும்.”

கெர்ரின் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். டாக்டர் படத்தை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். வட்டம் இருந்தது. அவர் அந்தப் படத்தை வருடக்கணக்காகக் காட்டி வருகிறார். வட்டத்தை அன்றுதான் பார்த்தார்.

“விடைத்தாள்ல மூணுன்னுதான் இருக்கு,” என்றார் டாக்டர். “அதனால அவ சொல்லியிருந்தாலும் தப்புதான்.”

“அதுவும் இல்லாம,” என்று நான் நினைவூட்டினேன், “அவ சொன்னது வெளியில, வெயில்ல, தொப்பி இல்லாம. அதை மையம் ஏத்துக்க முடியாது.”

கெர்ரின் என்னையே பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“டேய் பெவ், நாள் பூரா ரோட்டுல ‘நில்’லுன்னு பலகை பிடிக்கிறவடா நான். கொஞ்ச நேரம் பிடிச்சா, அதத் திருப்பி ‘போ’ன்னு காட்டியாகணும். இல்லன்னா ஓட்டுறவன் எறங்கி வந்து அடிப்பான். நீங்க திருப்பவே மாட்டேங்கிறீங்களேடா. இதுங்க சின்னதுங்க, எறங்கி வந்து அடிக்காதுங்கிற தைரியமா?”

“உணர்ச்சிவசப்படாத கெர்ரின். ஒரு வருஷம்தான்.”

“ஒரு வருஷம்தானா? அங்க பாரு.”

கதவுக்கு அப்பால், கட்டையின் மேல் பிப்பா உட்கார்ந்திருந்தாள். நாங்கள் பேசியது அவள் காதில் விழுந்திருக்கும்போல. பையைக் கழற்றிக் கீழே வைத்திருந்தாள். அசையாமல், முழங்காலைக் கட்டிக்கொண்டு, நாங்கள் ஆண்டு முழுக்கக் கற்றுக்கொடுக்க முயன்ற அதே அமர்வில் இருந்தாள்.

“இப்போ நல்லா உக்காந்திருக்காளே,” என்றார் டாக்டர், உண்மையான மகிழ்ச்சியோடு.

கெர்ரின் போய்ப் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, மகளைத் தூக்கிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். சாலைத் தூசியாகவும் இருக்கலாம்.

குழு கூடி ‘தயாரில்லை’ என்று ஒருமனதாக எழுதிக் கொடுத்தது. கெர்ரின் அதை வாங்க வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கம், பால்பண்ணைகளைத் தாண்டி, ஒரே ஆசிரியர் இருக்கும் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. அங்கே எந்தச் சீட்டும் கேட்பதில்லையாம். பிள்ளையை அங்கே சேர்த்துவிட்டாள். தினமும் கொண்டுபோய் விட்டு வர வேண்டியிருப்பதால் காலை நேர வேலையை விட்டுவிட்டாள் என்று கேள்வி. எங்கள் மையத்தில் அவள் இடம் காலியானதும், நன்றாக உட்காரக்கூடிய ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டோம்.

விருது எங்களுக்கே கிடைத்தது. மாநிலத்திலேயே அதிகம் அசையும் குழந்தைகள் யாரம்பாவின் குழந்தைகள். மேடையில் பட்டயம் வாங்கிக்கொண்டு நான் ஆற்றிய உரையை எல்லாரும் உட்கார்ந்தபடியே கைதட்டிப் பாராட்டினார்கள். டாக்டரின் திட்டம் இனி நாடு முழுவதும் போகப்போகிறது. அதற்கான அறிக்கைப் புத்தகமும் தயாராகிவிட்டது.

புத்தகத்தின் அட்டைக்கு, அசையும் குழந்தையின் படம் ஒன்று அனுப்பச் சொன்னார்கள். தேடினோம். ஆண்டு முழுவதும் எடுத்த படங்களில் இருந்ததெல்லாம் பாய், திரை, பிடரிகள். அசைகிற குழந்தை ஒரே ஒரு படத்தில்தான் இருந்தது: ரொவீனா ஆதாரத்துக்கு எடுத்தது. கால்கள் இரண்டும் வானத்தில், தலைமுடி காற்றில், சுற்றிலும் பச்சைப் பட்டைகள், வாய் கொள்ளாத சிரிப்பு. அதையே அனுப்பினோம். ‘எங்கள் திட்டத்தால் மலர்ந்த ஒரு மூளை’ என்று கீழே அச்சிட்டிருக்கிறார்கள்.

முகத்தை மட்டும் மங்கலாக்கிவிடச் சொன்னேன். முகம் தெரியாவிட்டால் தாயிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் எனக்கு அந்தக் காரணம் முக்கியமாகப் படவில்லை. அந்தச் சிரிப்பு தெரிந்தால், மற்ற பெற்றோர்கள் எல்லாம் தங்கள் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துப் போய், அங்கேயும் அது இருக்கிறதா என்று முகத்தை நிமிர்த்திப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.